மணி ஏன் உடனே அடித்தது?



போன மாதம் லேப் டெஸ்ட் அன்று நடந்த கூத்து உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காக முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். தப்பு என்னுடையது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

ப்ளஸ் ஒன் தம்பி தங்கைகளுக்கு இரண்டு பிரிவாக டெஸ்ட். ஒவ்வொரு பிரிவுக்கும் 40 நிமிடம். லேப் கடிகாரத்தில் பாட்டரி தீர்ந்து முள் நின்றிருந்தது. நான்தான் பெரிய ஆள் மாதிரி, "சார், நான் ஒரு ப்ரோக்ராம் எழுதி வைக்கிறேன். 40 நிமிஷம் ஆனதும் கம்ப்யூட்டரே மணி அடிக்கும்" என்றேன். சாரும் நம்பி விட்டுவிட்டார்.

ப்ரோக்ராமை ஓடவிட்ட அடுத்த நொடியே ஸ்பீக்கரில் "டிங்" என்றது. எல்லோரும் சிரித்தார்கள். சார், "சரி, மணி வேலை செய்யுதான்னு பார்த்திருக்கான்" என்று நினைத்துக்கொண்டு ஆபீஸ் வேலைக்குப் போய்விட்டார். நானும் வகுப்புக்குப் போய்விட்டேன். 40 நிமிடம் ஆனது, மணி அடிக்கவில்லை. 55-வது நிமிடம் சார் திரும்பி வந்த பிறகுதான் ஏ பிரிவு எழுந்தது. அதற்குப் பிறகு லேப் பத்தாம் வகுப்புக்கு வேண்டும். அதனால் பி பிரிவுக்கு 40 நிமிடத்துக்குப் பதில் 25 நிமிடம்தான் கிடைத்தது. ஒரு தம்பி கடைசிக் கேள்வியைத் தொடவே இல்லை.

அவனிடம் போய் மன்னிப்பு கேட்டேன். அவன் கோபப்படவில்லை. "பரவால்ல அண்ணா. ஆனா அது ஏன் உடனே அடிச்சுது, அப்புறம் ஏன் அடிக்கல?" என்று கேட்டான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இரண்டு வாரம் உட்கார்ந்து படித்த பிறகுதான் புரிந்தது. இந்தக் கட்டுரை அந்தத் தம்பிக்கான பதில்.

ஒரு குறிப்பு. நான் எழுதியது ஈமாக்ஸ் என்ற எடிட்டருக்குள் இருக்கும் லிஸ்ப் மொழியில். இந்தத் தாளில் கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். லேப்பில் அடிக்கும்போது டிஃபன், செட்க்யூ போன்ற மொழியின் சொற்களை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். நாமே வைக்கும் பெயர்களைத் தமிழிலேயே அடிக்கலாம், ஈமாக்ஸ் ஏற்றுக்கொள்ளும். ஸ்க்ராட்ச் என்ற பக்கத்தில் வரியை அடித்து, கடைசி அடைப்புக்குறிக்குப் பின்னால் கர்சரை வைத்து கன்ட்ரோலும் ஜே-வும் சேர்த்து அழுத்தினால் விடை கீழேயே வரும்.

லிஸ்ப் எப்படிப் படிக்கும்?

இது நம் அப்பா அம்மாவைவிட வயதான மொழி. அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் ஜான் மெக்கார்த்தி 1958-ல் ஆரம்பித்தார். அதைப்பற்றிய அவருடைய புகழ்பெற்ற கட்டுரை 1960-ல் வந்தது. அதில் எவால் என்று ஒரு ஃபங்ஷனை எழுதிக் காட்டினார். ஒரு லிஸ்ப் வரியைக் கொடுத்தால் அதன் மதிப்பைக் கண்டுபிடித்துத் தருவது அதன் வேலை. அவர் அதைத் தாளில் படிப்பதற்காகத்தான் எழுதினார். அவருடன் வேலை பார்த்த ஸ்டீவ் ரஸ்ஸல், இதை அப்படியே மெஷினுக்கு எழுதினால் என்ன என்று ஐ.பி.எம். 704 கம்ப்யூட்டருக்கு எழுதிவிட்டார். லிஸ்ப் ஓட ஆரம்பித்தது அப்படித்தான். எழுதிய வாத்தியாரே எதிர்பார்க்காததைப் பக்கத்தில் இருந்தவர் செய்து காட்டியது எனக்கு ரொம்பப் பிடித்த கதை.

எவாலின் விதி சின்னதுதான். எண்ணைக் கொடுத்தால் அதே எண். இரட்டை மேற்கோளுக்குள் வாக்கியம் கொடுத்தால் அதே வாக்கியம். ஒரு பெயரைக் கொடுத்தால் அந்தப் பெயரில் வைத்திருக்கும் மதிப்பு. அடைப்புக்குறிக்குள் ஒரு பட்டியலைக் கொடுத்தால், முதலில் இருப்பது ஃபங்ஷன், மீதி அதற்குக் கொடுக்கும் பொருள்கள்.

(+ 2 3)

இதற்கு விடை 5. இங்கே நன்றாகக் கவனியுங்கள். நான் விழுந்த குழி இதுதான். ஃபங்ஷனைக் கூப்பிடுவதற்கு முன்னாலேயே, அதற்குக் கொடுக்கும் ஒவ்வொரு பொருளையும் லிஸ்ப் கணக்குப் போட்டு முடித்துவிடும்.

(+ 2 (* 3 4))

என்றால் கூட்டலுக்கு (* 3 4) என்ற பட்டியல் போய்ச் சேராது. முன்பே பெருக்கி, 12 ஆகித்தான் போகும். உள்ளே இருப்பது முதலில் முடியும், வெளியே இருப்பது பிறகு.

மதுரையும் 'மதுரையும்

"மதுரை வைகைக் கரையில் இருக்கிறது" என்று சொன்னால் ஊரைப் பற்றிப் பேசுகிறோம். "மதுரை மூன்று எழுத்து" என்று சொன்னால்? ஊரில் எழுத்து ஏது! அந்தச் சொல்லைப் பற்றிப் பேசுகிறோம். தமிழில் கேட்பவருக்கு இது தானாகப் புரிந்துவிடும். லிஸ்புக்குப் புரியாது, சொல்ல வேண்டும். அதற்குத்தான் கோட், அதாவது மேற்கோள்.

(செட்க்யூ மதுரை "வைகைக் கரை ஊர்")

இப்போது மதுரை என்று மட்டும் அடித்தால் "வைகைக் கரை ஊர்" என்று வரும். 'மதுரை என்று அடித்தால் மதுரை என்றே வரும். முன்னால் போட்ட அந்த ஒற்றைக் குறி, "இதைக் கணக்குப் போடாதே, அப்படியே எடு" என்று எவாலிடம் சொல்கிறது. 1960 கட்டுரையில் இந்தக் குறி கிடையாது, (கோட் மதுரை) என்று முழுசாகத்தான் எழுத வேண்டும். குறி பின்னால் வந்த சுருக்கம். இரண்டும் ஒன்றுதான்.

(பெயரில் எத்தனை எழுத்து என்று ஈமாக்ஸிடம் கேட்டால் 3 என்று சொல்லாது, 5 என்று சொல்லும். துவில் உகரத்தையும் ரையில் ஐகாரத்தையும் தனித்தனியாக எண்ணிவிடும். தமிழய்யாவிடம் காட்டினேன், ஒத்துக்கொள்ளவில்லை.)

பட்டியலுக்கும் இதேதான். '(+ 2 3) என்று அடித்தால் 5 வராது. (+ 2 3) என்ற பட்டியலே வரும். (லென்த் '(+ 2 3)) என்று நீளம் கேட்டால் 3. (கார் '(+ 2 3)) என்று முதல் ஆளைக் கேட்டால் + என்ற குறி. கட்டளை இங்கே வெறும் பொருளாகிவிட்டது. எண்ணலாம், பிரிக்கலாம், வேறொரு கட்டளையோடு ஒட்டலாம். பிறகு வேண்டும்போது (எவால் '(+ 2 3)) என்று கொடுத்தால் அப்போது 5 வரும். கோட் கட்டிய முடிச்சை எவால் அவிழ்க்கிறது.

தமிழில் இந்த முடிச்சைப் போடுகிற சொல் "என்று". "மணி அடி" என்பது கட்டளை. கேட்டவன் அடித்துவிடுவான். "மணி அடி என்று சீட்டில் எழுதிக் கொடு" என்றால் யாரும் மணி அடிக்க மாட்டார்கள். எழுதுவார்கள். நாம் பின்னால் போடுவதை லிஸ்ப் முன்னால் போடுகிறது.

இப்போது என் தப்பு

இதுதான் நான் எழுதியது.

(டிஃபன் மணி ()
  (மெசேஜ் "நேரம் முடிந்தது")
  (டிங்))

(ரன்-அட்-டைம் 2400 நில் (மணி))

டிஃபன் என்றதும் யாருக்கும் பசிக்க வேண்டாம். புது ஃபங்ஷனை உருவாக்கும் கட்டளை அது. டிங் என்பது சத்தம் எழுப்பும். ரன்-அட்-டைம் என்பது இத்தனை விநாடி கழித்து இந்த ஃபங்ஷனை நடத்து என்று டைமர் வைப்பது. 40 நிமிடத்துக்கு 2400 விநாடி. அடுத்துள்ள நில் என்பது நிற்கச் சொல்வது இல்லை. "ஒன்றுமில்லை" என்று அர்த்தம். திரும்பத் திரும்ப அடிக்க வேண்டாம் என்பதற்காக அது.

கடைசியில் இருக்கும் (மணி) என்பதைப் பாருங்கள். மேலே சொன்ன விதிப்படி, ரன்-அட்-டைமைக் கூப்பிடுவதற்கு முன்னாலேயே அதற்குக் கொடுக்கும் பொருள்களை லிஸ்ப் கணக்குப் போடும். (மணி) என்பது அடைப்புக்குறிக்குள் இருக்கிற பட்டியல், முதலில் இருப்பது ஃபங்ஷன். அதனால் அப்போதே கூப்பிட்டுவிட்டது. உடனே டிங்! அதுதான் எல்லோரும் கேட்டுச் சிரித்த சத்தம்.

அதோடு முடியவில்லை. மணி அடித்து முடித்ததும் அந்த ஃபங்ஷன் ஒரு விடையைத் தர வேண்டும். கடைசி வரியான டிங் தருகிற விடை நில். ஆக, ரன்-அட்-டைமின் கைக்குப் போய்ச் சேர்ந்தது மணி இல்லை, நில். "2400 விநாடி கழித்து ஒன்றுமில்லையைக் கூப்பிடு" என்று டைமர் வைக்கச் சொல்லிவிட்டு வகுப்புக்குப் போயிருக்கிறேன். ஃபங்ஷன் இருக்க வேண்டிய இடத்தில் நில் இருந்தால் ஈமாக்ஸ் அந்த டைமரை ஏற்றுக்கொள்ளாது, டைமரே வைக்காமல் அப்போதே பிழை காட்டியிருக்கும். பின்னால் வீட்டில் 10 விநாடி வைத்துப் பார்த்தபோது "இன்வேலிட் ஆர் அன்இனிஷியலைஸ்டு டைமர்" என்ற பிழை உடனே வந்ததை நானே பார்த்தேன். டெஸ்ட் அன்று நான் அதைக் கவனிக்கவே இல்லை.

நம்ம ஸ்கூல் வேப்ப மரத்தில் தொங்குகிற தண்டவாளத் துண்டை நினைத்துக்கொள்ளுங்கள். 11 மணிக்கு அடிக்கச் சொல்லி வாட்ச்மேன் அண்ணனிடம் சீட்டு கொடுக்க வேண்டும். நான் என்ன செய்தேன் என்றால், சீட்டில் எழுதுவதற்குப் பதில் நானே போய் ஒரு அடி அடித்துவிட்டு, வெறுங்கையோடு வந்து "அண்ணே, 11 மணிக்கு இதைச் செய்ங்க" என்று கையை நீட்டியிருக்கிறேன். 11 மணிக்கு அவர் என்ன செய்வார் பாவம்.

பைத்தான் படிக்கிற ப்ளஸ் டூ நண்பர்களும் சிரிக்க வேண்டாம். அங்கேயும் ஃபங்ஷன் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறி போட்டுக் கொடுத்தால் இதே கதைதான்.

மணி என்றால் எந்த மணி?

சரி, அடைப்புக்குறிதானே பிரச்சினை, எடுத்துவிடலாம் என்று அன்று சாயங்காலம் இப்படி மாற்றினேன்.

(ரன்-அட்-டைம் 10 நில் மணி)

உடனே பிழை. "வாய்ட்-வேரியபிள் மணி", அதாவது மணி என்ற பெயரில் மதிப்பு எதுவும் இல்லை என்கிறது. இப்போதுதானே டிஃபன் போட்டேன் என்று எனக்கு எரிச்சலே வந்துவிட்டது.

ஈமாக்ஸ் லிஸ்பிலும் காமன் லிஸ்பிலும் ஒவ்வொரு பெயருக்கும் இரண்டு பை உண்டு. சட்டைப் பை, கால்சட்டைப் பை மாதிரி. ஒன்றில் மதிப்பு இருக்கும், இன்னொன்றில் ஃபங்ஷன் இருக்கும். செட்க்யூ முதல் பையில் போடும். டிஃபன் இரண்டாவது பையில் போடும். எந்தப் பையில் கை விட வேண்டும் என்பதைப் பெயர் நிற்கிற இடம் முடிவு செய்கிறது. அடைப்புக்குறி திறந்ததும் முதல் இடத்தில் நின்றால் ஃபங்ஷன் பை. மற்ற இடங்களில் மதிப்புப் பை.

நமக்கு இது புதுசு இல்லை. "மணி என்ன?" என்றால் நேரம் சொல்கிறோம். "மணி அடி" என்றால் தண்டவாளத்தைத் தட்டுகிறோம். "மணி வந்துட்டானா?" என்றால் கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்க்கிறோம். ஒரே சொல்தான், இடம்தான் வேறு.

(செட்க்யூ மணி 10)

இதற்குப் பிறகும் (மணி) என்றால் டிங் என்று அடிக்கும், மணி என்றால் 10 வரும். ஒன்றை ஒன்று தொந்தரவு செய்யாது. 1975-ல் எம்.ஐ.டி.யில் ஜெரால்ட் சஸ்மனும் கை ஸ்டீலும் உருவாக்கிய ஸ்கீம் என்ற லிஸ்பில் ஒரே பைதான். அதனால் அங்கே மணி என்று வெறும் பெயரைக் கொடுத்தாலே ஃபங்ஷன் போய்ச் சேரும். எனக்கு ஸ்கீமின் வழிதான் எளிதாகத் தெரிகிறது. ஆனால் நம் லேப்பில் இருப்பது ஈமாக்ஸ்.

ஆகவே இங்கே சரியான வரி இது.

(ரன்-அட்-டைம் 2400 நில் 'மணி)

'மணி என்று கணக்குப் போட்டால் கிடைப்பது மணி என்ற பெயர். அடிக்கவும் இல்லை, பையில் கை விடவும் இல்லை. பெயர் எழுதிய சீட்டு மட்டும் டைமரிடம் போகிறது. 2400 விநாடி ஆனதும் டைமர் அந்தப் பெயரின் ஃபங்ஷன் பையைத் திறந்து நடத்துகிறது. நாமே அப்படி நடத்த வேண்டுமென்றால் (ஃபன்கால் 'மணி). இதற்கு எவால் போடக் கூடாதா என்று கேட்டால், (எவால் 'மணி) என்பது மதிப்புப் பையைத்தான் திறக்கும், மணி அடிக்காது. (எவால் '(மணி)) என்றால் அடிக்கும். ஆனாலும் ஃபங்ஷனைக் கூப்பிட ஃபன்கால்தான் முறை. எவால் எதைக் கொடுத்தாலும் நடத்திவிடும். வெளியாள் அடித்துக் கொடுத்ததை எவாலிடம் நீட்டினால் அதோ கதிதான்.

இன்னொரு குறியும் இருக்கிறது. ஹேஷும் ஒற்றைக் குறியும் சேர்த்து #'மணி என்று எழுதுவது. "இது வெறும் பெயர் இல்லை, ஃபங்ஷன்" என்று சொல்லிக் கொடுப்பது இது. ஈமாக்ஸில் இரண்டும் மணி அடிக்கும். ஆனால் பெயரைத் தப்பாக அடித்திருந்தால், #' போட்ட இடத்தில்தான் ப்ரோக்ராமைக் கம்பைல் செய்யும்போது எச்சரிக்கை வரும். வெறும் ' போட்டால் அது ஃபங்ஷன் பெயரா ஊர்ப் பெயரா என்று கம்பைலருக்கு எப்படித் தெரியும்? அதனால் இப்போது நான் #' தான் போடுகிறேன்.

கோட் அதிகமானாலும் ஆபத்து

ஒற்றைக் குறியின் அருமை தெரிந்ததும் எல்லா இடத்திலும் போட ஆரம்பித்தேன். எந்தப் பிரிவுக்கு மணி என்று திரையில் காட்டலாம் என்று இப்படி எழுதினேன்.

(டிஃபன் மணி-வை (விநாடி சேதி)
  (ரன்-அட்-டைம் விநாடி நில்
    '(லேம்டா () (மெசேஜ் சேதி) (டிங்))))

(மணி-வை 10 "பி பிரிவு முடிந்தது")

லேம்டா என்பது பெயர் வைக்காத ஃபங்ஷன். உடனே அடிக்கவில்லை, சந்தோஷம். 10 விநாடி கழித்து மறுபடியும் "வாய்ட்-வேரியபிள்", இந்த முறை சேதி என்ற பெயருக்கு! மணியும் அடிக்கவில்லை.

கோட் என்ன சொல்லும்? அப்படியே எடு, உள்ளே எதையும் பார்க்காதே. லிஸ்ப் அப்படியே செய்தது. உள்ளே இருக்கும் சேதி என்பது வெறும் இரண்டு எழுத்தாகப் போய்விட்டது. "பி பிரிவு முடிந்தது" என்ற மதிப்பு அதோடு ஒட்டவில்லை. மணி-வை தன் வேலையை முடித்துக் கிளம்பியதும் சேதியின் மதிப்பும் போய்விட்டது. 10 விநாடி கழித்து டைமர் வந்து "சேதி எங்கே?" என்றால் யார் சொல்வது? கடிதத்தில் "நான் நேற்று சொன்னேனே, அதைச் செய்" என்று எழுதி அனுப்புவது மாதிரிதான்.

லேம்டாவுக்கு முன்னால் இருக்கும் குறியை எடுத்துவிட்டால் சரியாகிவிடுகிறது. அப்போது லிஸ்ப் அதைக் கணக்குப் போட்டு ஒரு ஃபங்ஷனாக ஆக்குகிறது. அந்த நேரத்தில் சேதியில் என்ன இருந்ததோ அதையும் மூட்டை கட்டி உள்ளே வைத்துக்கொள்கிறது. (ஃபைலின் முதல் வரியில் லெக்சிக்கல் பைண்டிங் வேண்டும் என்று குறிப்பிட்டிருக்க வேண்டும். 2012-ல் வந்த ஈமாக்ஸ் 24-ல் இருந்து இந்த வசதி இருக்கிறது.)

லேம்டா தலைவலியே வேண்டாம் என்றால், ரன்-அட்-டைமிடம் ஃபங்ஷனுக்குப் பின்னால் அதற்கு வேண்டிய பொருளையும் கொடுத்துவிடலாம். இப்போது லேப்பில் இருப்பது இதுதான்.

(டிஃபன் மணி (சேதி)
  (மெசேஜ் சேதி)
  (டிங்))

(டிஃபன் மணி-வை (விநாடி சேதி)
  (ரன்-அட்-டைம் விநாடி நில் #'மணி சேதி))

கடைசி வரியில் மணிக்கு முன்னால் குறி இருக்கிறது, சேதிக்கு முன்னால் இல்லை. இதை எழுதும்போதுதான் எனக்கு முழுசாக விளங்கியது. சேதி இப்போதே தெரிய வேண்டியது, அதனால் இப்போதே கணக்குப் போடட்டும். மணி பிறகு நடக்க வேண்டியது, அதனால் சீட்டாகப் போகட்டும். இப்போதெல்லாம் லிஸ்பில் எதை எழுதினாலும் "இது இப்பவா, அப்புறமா?" என்று ஒவ்வொரு சொல்லையும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

போன புதன்கிழமை நடந்த மறு டெஸ்டில் பி பிரிவுக்கு முழுசாக 40 நிமிடம் கொடுத்தார் சார். இந்த ப்ரோக்ராமைத்தான் வைத்தோம். ஆரம்பத்தில் டிங் கேட்கவில்லை. அந்தத் தம்பி திரும்பி என்னைப் பார்த்தான். இந்த முறை நான் வகுப்புக்குப் போகவில்லை, கையில் கடிகாரத்தோடு லேப் வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். 40-வது நிமிடம் அடித்தது.

பயிற்சி

முதலில் (செட்க்யூ மணி 10) என்று அடித்துவிட்டு, கீழே உள்ளவற்றுக்கு என்ன விடை வரும் என்று தாளில் எழுதுங்கள். கம்ப்யூட்டரைத் தொடாமல் எழுத வேண்டும்.

1. (லிஸ்ட் 'மணி மணி)

2. (மேப்கார் #'1+ '(35 40 78)) என்பதற்கு என்ன வரும்? பட்டியலுக்கு முன்னால் உள்ள குறியை எடுத்துவிட்டால் என்ன பிழை வரும்? (மேப்கார் என்பது பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும் அந்த ஃபங்ஷனுக்குக் கொடுத்து விடைகளைப் பட்டியலாகத் தரும். 1+ என்பது ஒன்று கூட்டும்.)

3. (கார் ''மணி) – குறி இரண்டு முறை இருக்கிறது, எழுத்துப் பிழை இல்லை!

மூன்றாவதுக்கு ஒரு துப்பு: குறியை (கோட் மணி) என்று விரித்து எழுதிப் பாருங்கள். விடைத்தாளை லேப் வாசலில் உள்ள அட்டைப் பெட்டியில் வெள்ளிக்கிழமைக்குள் போடவும். செட்க்யூவில் உள்ள அந்தக் க்யூ எதற்கு என்று கண்டுபிடித்து எழுதுபவர்களுக்கு அடுத்த தாளில் இந்தப் பகுதியை எழுதும் வாய்ப்பு.